நாலாவது வீட்டுக்கு யார் போவது?

எங்கள் சேகரத்தில் சென்ற ஆண்டு நடந்த ஒரு கமிட்டிக் கூட்டம் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவரைப் பற்றிப் பேச்சு வந்தது. “ஐயர் இந்த எட்டு மாதத்தில் ரெண்டே தடவைதான் போயிருக்கிறார். நாம் சங்கக் காணிக்கை கொடுப்பது எதற்கு?” என்று ஒருவர் மேசையைத் தட்டினார். கேட்டவர் வீட்டிலிருந்து அந்தப் பெரியவரின் வீடு நாலாவது வீடு. அவர் எத்தனை தடவை போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அது ஆறாவது வீடு.

அந்த மேசைத் தட்டலில் கோபம் மட்டும் இருந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அதற்குள் ஒரு கொள்கை இருந்தது. ஊழியம் என்பது குருப்பட்டம் பெற்றவரின் வேலை. கோயிலுக்கு வருவது, பாடுவது, கொடுப்பது, குறை இருந்தால் கேட்பது ஆகியவை சபையாரின் வேலை. திருநெல்வேலிச் சீமையில் போதகரை ‘ஐயர்’ என்று மரியாதையோடு அழைக்கிறோம். அந்த மரியாதையிலேயே நம் கடமையையும் மூட்டை கட்டி அவர் தலையில் ஏற்றிவிட்டோம்.

இந்தக் கொள்கைக்கு இறையியல் ஆதரவும் சொல்லப்படுகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் ஆங்கிலிக்கன் சபையாரோடு இணைந்தார்கள். ஆனாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் நடையிலும் உடையிலும் ஆங்கிலிக்கன் மரபுதான் ஓங்கி நிற்கிறது. பேராயர், குரு, உதவிகுரு என்ற மூன்று நிலைகள் நமக்கு உண்டு. “ஒழுங்குள்ள சபை நம்முடையது, ஆளாளுக்கு ஊழியம் என்று கிளம்பினால் தெருவுக்கு ஒரு சபைதான் மிஞ்சும்” என்று படித்த பெரியவர்களே சொல்கிறார்கள்.

மறுபக்கம் கன்வென்ஷன் பந்தல். நம் ஜெபப் புத்தக ஆராதனையை உயிரற்றது என்று அங்கே பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞன் மனம் கசிந்து அழுது, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று கையை உயர்த்துகிறான். கையை உயர்த்தாத மீதிப் பேர் “நமக்கு அந்த அழைப்பு இல்லை” என்று எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். கோயிலும் பந்தலும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஊழியம் சிலருக்கே உரியது, மற்றவர்களுக்கு அதில் காணிக்கைப் பங்கு மட்டும் உண்டு என்பதே இரண்டு இடத்திலும் பாடம். இந்தப் பாடம் தவறு. வேதத்தின்படி தவறு, ஆங்கிலிக்கன் மரபின்படி தவறு, நம் சபை பிறந்த கதையின்படியும் தவறு.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பாளையங்கோட்டையில் 1778-இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா ஒரு மராட்டியப் பிராமண விதவை. 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். 1785-இல் அங்கே எழும்பிய கோயில் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைக்கப்படுகிறது. ஸ்வார்ட்ஸ் லுத்தரன் மரபினர், தஞ்சாவூரில் இருந்தவர். அவருடைய பணிக்குக் கைகொடுத்தது எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். அவர் வந்து போனார், அவ்வளவுதான். அந்தச் சபையில் பணியாற்றிய சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790-இல். இடைப்பட்ட 12 ஆண்டுகள் அந்தச் சபையோடு தங்கியிருந்து நடத்தக் குருப்பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. சாதியார் கைவிட்ட ஒரு பெண், உபதேசியார்களின் துணையோடு சபையைத் தாங்கினார். “சபைக்கு ஐயர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது” என்று சொல்கிறவர்கள் அந்தக் கோயில் வாசலில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்து முதலூர். சொந்த ஊரில் அடிபட்டு, வீடு இழந்து நின்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக 1799-இல் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. அதை முன்னின்று செய்த தாவீது சுந்தரானந்தம் ஓர் உபதேசியார், குரு அல்லர். சாயர்புரம் என்ற பெயர் யாரிடமிருந்து வந்தது? நிலம் வாங்கிக் கொடுத்த சாமுவேல் சாயர் என்ற வணிகரிடமிருந்து. தேரிக்காட்டு மணலில் பனையேறிப் பிழைத்த மக்களுக்கு ஒதுங்க ஓர் ஊர் வேண்டியிருந்தபோது, வியாபாரக் கணக்கு எழுதிய கை பத்திரமும் எழுதியது. அதை ‘உதவி’ என்று எழுதி, அதே ஊரில் பின்னால் நடந்த பிரசங்கத்தை மட்டும் ‘ஊழியம்’ என்று எழுதுகிறோம். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தோடு உறவு முறிந்த 1835-க்குள் 200-க்கும் மேற்பட்ட ஊர்களில் சபைகள் இருந்தன. அத்தனை ஊருக்கும் அவரா போய் நின்றார்? நூற்றுக்கு மேற்பட்ட உபதேசியார்கள் மணியடித்துச் சபையைக் கூட்டினார்கள், ஜெபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். “உபதேசியாரும் மிஷனில் சம்பளம் வாங்கியவர்தானே” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளம் வாங்கினார்கள்தான். ஆனால் ரேனியஸ் காலத்தில் தொடங்கிய தர்ம சங்கத்துக்குப் பணம் போட்டவர்கள் சம்பளக்காரர்கள் மட்டும் அல்லர். துன்பப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு மனையும் நிலமும் வாங்க வேண்டும் என்று சபை ஜனங்களே சேர்த்த பணம் அது. என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார். அதற்கு அவர் ‘காணிக்கை’ என்று பேர் சொன்னதை நான் கேட்டதில்லை. “இது ஆண்டவர் வேலை” என்பார்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரியில் படித்த பெண்கள் தென்மாவட்டம் முழுக்க ஆசிரியைகளாக, தாய்மாராக இருக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய சாரா டக்கர் இந்தியாவை ஒருமுறைகூடக் கண்டதில்லை. உடல் நலிந்தவர். தென்னிந்திய மிஷன் பணியைப் பற்றி எழுதினார், தமிழ்ப் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று தம் தோழிகளின் மனத்தில் பதியவைத்தார். கப்பலேற முடியாத ஒருவர் செய்தது ஊழியம் இல்லையென்றால், அந்தச் சொல்லுக்கு நாம் வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

இப்போது வேதம். எதிர்த்தரப்பார் அதிகமாகக் காட்டுவது எபேசியர் நான்காம் அதிகாரம். மேய்ப்பரையும் போதகரையும் கர்த்தர் சபைக்குத் தந்தார் என்று பவுல் அங்கே எழுதுகிறார். எதற்காகத் தந்தார் என்பதில்தான் சிக்கல். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தால், பரிசுத்தவான்களைச் சீராக்குவது ஒரு வேலை, ஊழியம் செய்வது இன்னொரு வேலை, சபையைக் கட்டுவது மூன்றாவது வேலை, மூன்றும் போதகருடையவை என்பதுபோல் காதில் விழும். கிரேக்க மூலத்தில் முதல் தொடருக்கு ஒரு முன்னிடைச்சொல், அடுத்த இரண்டுக்கும் வேறொன்று வருகிறது. அதைக் கவனித்துப் படித்தால் பொருள் ஒரே ஓட்டமாகப் போகிறது: பரிசுத்தவான்கள் ஊழிய வேலை செய்யும்படி அவர்களைச் சீராக்குவதே போதகரின் பணி. ஆங்கிலத்திலும் ஒரு காற்புள்ளியை வைத்து இதே குழப்பம் நெடுநாள் நடந்தது. நான் கிரேக்கப் பண்டிதன் இல்லை. பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவும் இந்த வாசிப்பையே ஏற்றிருக்கின்றன. ‘சீராக்குதல்’ என்பதற்குப் பவுல் எழுதும் சொல்லுக்கு மாற்கு சுவிசேஷத்தில் ஓர் உறவுச்சொல் உண்டு. யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்தில் அது வருகிறது. நம் கடற்கரையில் வலை கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்து சரிசெய்வார். கரையிலேயே அடுக்கி வைப்பதற்காகவா அதைச் செய்கிறார்? நம் குருமார் ஞாயிறுதோறும் வலையைப் பழுதுபார்க்கிறார்கள். திங்கட்கிழமை அது கடலுக்குப் போவதில்லை. அடுத்த ஞாயிறும் அதே வலையைப் பழுதுபார்க்கிறார்கள். அவர்கள் ஏன் இத்தனை சோர்ந்துபோகிறார்கள் என்று நாம் வேறு கேட்கிறோம்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தையும் காட்டுகிறார்கள். அப்போஸ்தலர் வசனத்துக்கு, ஏழு பேர் பந்திக்கு. வேலைப் பிரிவினை அங்கேயே இருக்கிறதாம். ஆனால் பந்திக்கும் வசனத்துக்கும் அந்தப் பகுதியில் கையாளப்படுவது ஒரே ‘ஊழிய’ச் சொல்தான். சோறு பரிமாறுவதற்கு உரிய சொல் அது. பந்திக்கென்று நியமிக்கப்பட்ட ஸ்தேவான்தான் சபையின் முதல் இரத்தசாட்சி ஆனார், அதுவும் நீண்ட பிரசங்கம் ஒன்றைச் செய்துவிட்டு. பிலிப்பு சமாரியாவுக்குப் போனார். பரிமாறியவர்கள் பேசவும் செய்தார்கள். அதை அப்போஸ்தலர் தடுக்கவில்லை.

சபை ஒழுங்கைப் பேசுகிறவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரமாணக் கட்டுரைகளில் 23-ஆவது, முறையாக அழைக்கப்பட்டு அனுப்பப்படாத எவரும் சபையில் வெளியரங்கமாகப் பிரசங்கிக்கவோ திருமுறைகளை வழங்கவோ கூடாது என்கிறது. அதை நான் ஏற்கிறேன். திருவிருந்தைக் குருவானவர்தான் நடத்த வேண்டும். பீடத்தில் நிற்க ஆசைப்பட்டு நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கட்டுரை சொல்வது பொதுச் சபையில் பிரசங்கத்தையும் திருமுறைகளையும் பற்றித்தான். பக்கவாதத்தில் கிடப்பவருக்குக் கஞ்சி ஊற்றவும், அவர் மகனோடு உட்கார்ந்து கடன் கணக்குப் பார்க்கவும், இரவில் ஒரு சங்கீதம் வாசிக்கவும் பேராயரின் கைவைப்பு வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது?

ஒழுங்கைக் காக்கிறோம் என்பவர்கள் மூன்று நிலைகளில் ஒன்றை எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். உதவிகுரு என்பது சேவைக்கென்றே ஏற்பட்ட நிலை. ஏழை, விதவை, நோயாளி ஆகியோரின் பக்கம் சபையின் முகத்தைத் திருப்பி வைப்பதற்கானது. நம்மிடம் அது குருப்பட்டத்துக்கு முன் சில மாதங்கள் காத்திருக்கும் படிக்கட்டாகச் சுருங்கிவிட்டது. மரபைக் காப்பதாகச் சொல்லி அதன் மூன்றில் ஒரு பங்கை மறந்துவிட்டோம்.

பந்தல்காரர்களின் வாதத்துக்கு வருகிறேன். சீஷர்கள் வலையை விட்டுவிட்டுப் போனார்கள், லேவி ஆயத்துறையை விட்டுப் போனார். ஆகவே உண்மையான சீஷத்துவம் வேலையை விடுவதில் தொடங்குகிறது என்கிறார்கள். கதரேனர் நாட்டில் பிசாசு நீங்கிய மனிதனும் இயேசுவோடு வருகிறேன் என்று கெஞ்சினான். அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்குப் போ, உன் ஆட்களிடம் சொல் என்று அனுப்பினார். சகேயுவிடம் வரி வசூலை விடு என்று சொன்னதாக லூக்கா எழுதவில்லை. சகேயு நாலு மடங்கு திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டதைத்தான் எழுதுகிறார். லீதியாள் இரத்தாம்பரம் விற்றுக்கொண்டே வீட்டைத் திறந்தாள். தபீத்தாள் தைத்தாள். பவுலே கூடாரம் கட்டிப் பிழைத்தார். மின்வாரியத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி போன மாதம் என்னிடம், “அங்கிள், நான் ஊழியம் செய்யவில்லையே என்று குற்ற உணர்வாக இருக்கிறது” என்றான். இணைப்புக்கு வருகிறவர்களிடம் ஒரு ரூபாய் கைநீட்டி வாங்காதவன் அவன். அதனால் மூன்று தடவை இடமாற்றம் வாங்கியிருக்கிறான். அது சிலுவை என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் மனத்தில் அந்தக் குற்ற உணர்வை ஏற்றியவர்கள் மீது எனக்கு இருக்கும் வருத்தம் சிறியதல்ல.

இந்தத் தவறு எங்கே நம்மை மிக மோசமாகக் கெடுத்தது என்றால், சாதி விஷயத்தில். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டே போனார்கள். பேராயரின் கடிதம் சரி, அவர் நோக்கமும் சரி. கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் ஆகப்போகின்றன. நம் கோயில்களில் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறோம். கல்யாணப் பேச்சு என்று வந்தால் முதல் கேள்வியாக என்ன கேட்கிறோம்? திருமண விளம்பரத்தில் சபையின் பெயரையும் சாதியின் பெயரையும் அடுத்தடுத்து எழுதக் கை கூசுவதில்லை. சபைத் தேர்தலில் எந்த அணி எந்தத் தெரு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது. இதைப் பற்றி ஐயர் பிரசங்கித்தால் “நல்ல செய்தி” என்று கைகொடுத்துவிட்டு வருகிறோம், அல்லது மாற்றல் கேட்டு மேலே மனுப்போடுகிறோம். பிரசங்கம் அவர் வேலை, கேட்பது நம் வேலை என்று பிரித்த பிறகு, அந்தப் பிரசங்கத்தின்படி நடப்பது யார் வேலை என்பதற்குப் பட்டியலில் இடமே இல்லை. எந்தப் பேராயரும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆள் அழைக்க முடியாது. என் மகளின் கல்யாணத்தில் என் சீஷத்துவத்தை எனக்குப் பதிலாக ஒரு குருவானவர் வாழ்ந்துகாட்ட முடியாது.

நம் ஆராதனை முறையே இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் தந்த திருவிருந்து ஒழுங்கைக் கவனியுங்கள். குருவானவர் சபைக்கு முகம்காட்டி நிற்கிறார். அப்பமும் திராட்சரசமும் சபையின் நடுவிலிருந்து பவனியாகப் பீடத்துக்குப் போகின்றன. சமாதானம் பீடத்தில் தொடங்கிக் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை வருகிறது. கீழை நாட்டுப் பழைய திருச்சபைகளிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட வழக்கம் அது. முடிவில் சபையார் எல்லாரும் தங்களையே ஜீவபலியாக ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிறோம். அந்த ஜெபத்தைக் குருவானவர் மட்டும் சொல்லும்படி எழுதிவைக்கவில்லை. இந்த ஆராதனையை உயிரற்றது என்பவர்கள் அதை வாசித்துப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். நாமோ, வாசித்துவிட்டு மறந்துபோகிறோம்.

கடைசியாக அசரியா. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி.எஸ். அசரியா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1912-இல் அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனது, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் என்பது. அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் அவர் குருப்பட்டம் பெற்றது 1909-இல்தான். அதற்கு முன் 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலராக ஊர் ஊராகச் சுற்றிய சாதாரண சபையார். 1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து வெளியூருக்கு மிஷனரி அனுப்புவதைக் கண்டு வெட்கப்பட்டார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். இரண்டும் பிறந்தபோது அவர் கழுத்தில் குருவானவரின் பட்டை இல்லை. குருவானவர் ஆன பிறகுதான் ஊழியம் தொடங்கும் என்று அவர் காத்திருந்தால், தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பணியே இருந்திருக்காது.

பேராயர் ஆன பிறகு அவர் என்ன செய்தார் என்பது இன்னும் முக்கியம். அவருடைய மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா குலத்து விவசாயக் கூலிகள், எழுத்தறியாதவர்கள். முழுநேர ஊழியத்துக்கு வா என்று அழைத்தால் பட்டினிதான் கிடப்பார்கள். அவர்களையே ஆண்டுதோறும் சாட்சி வாரத்தில் பக்கத்து ஊர்களுக்கு நடக்கவைத்தார். அவர் நாளில் அந்தத் திருமண்டலத்தின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. ஞானஸ்நானம் பெற்றவர்களை அவர் செய்யச் சொன்ன ஒரு காரியம் இருக்கிறது. தண்ணீர் விழுந்த தலையின்மீது அவரவர் கையை அவரவரே வைத்துக்கொண்டு, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பொருளில் உரக்கச் சொல்ல வேண்டும். பவுல் தம்மைக் குறித்து எழுதியதை ஒரு கூலியாளின் வாயில் வைத்தார். பேராயரின் கைக்குக் காத்திருக்காமல் அவன் கையையே அவன் தலையில் வைக்கச் சொன்னவர் ஒரு பேராயர்.

எங்கள் சேகரத்தில் வருகிற மாதம் திடப்படுத்தல் ஆராதனை. 31 பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை உடை தைக்கக் கொடுத்தாயிற்று, படம் எடுப்பவருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மதிய விருந்துக்குக் கமிட்டி போட்டாயிற்று. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த 31 பேரும் யார் யார் வீட்டுக்குப் போவார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறேன். முதல் வரியில் அந்த நாலாவது வீட்டின் கதவு எண் இருக்கிறது. அதற்கு எதிரே என் பெயரை எழுதியிருக்கிறேன். என்னோடு வரும் பிள்ளையின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.